ஜெனரேட்டர் ஓடுகிறது, சார்ஜ் ஏறவில்லை

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னையைத் தாண்டிப் போய்விட்டது; தண்ணீர்தான் போகவில்லை. பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் கரண்ட் திரும்பி வர நாள்கணக்கில் ஆயிற்று. பாலுக்கும் மெழுகுவர்த்திக்கும் அலைவது சென்னைக்குப் புதிதல்ல. 2015-இல் அந்த நகரம் பார்க்காத வெள்ளமா? ஆனால் 2015-இல் அரிதாக இருந்த ஒன்று இம்முறை பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தது: மின்சார ஸ்கூட்டர். பெட்ரோல் வண்டிக்காரர் பங்க் வரை தள்ளிக்கொண்டாவது போய்ச் சேர்வார். தெரு முழுக்க இருட்டாக இருக்கும்போது மின்சார வண்டியை எங்கே தள்ளிக்கொண்டு போவது?

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று யாருக்கும் உடனே தோன்றும். கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் இரவுக் கடைகளிலும் ஜெனரேட்டரைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஸ்கூட்டரின் சார்ஜர் இழுக்கும் மின்சாரமும் அப்படியொன்றும் அதிகமில்லை. ஓலா எஸ்1 புரோவோடு தரும் சார்ஜர் 750 வாட். டிவிஎஸ் ஐக்யூபுக்கு 650 வாட் சார்ஜர் உண்டு. ஒரு இஸ்திரிப்பெட்டியின் அளவு அல்லது அதற்கும் கீழே. ஒரு கே.வி.ஏ.வுக்கு மேற்பட்ட எந்தச் சின்ன ஜெனரேட்டரும் இதைச் சுமக்க வேண்டும்.

கணக்குச் சரிதான். ஆனால் பிளக்கைச் செருகியதும் பல சார்ஜர்களில் பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு விளக்கு எரியும். ஜெனரேட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே அதே ஜெனரேட்டரில் பல்பு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. சார்ஜர் மட்டும் மாட்டேன் என்கிறது. ஜெனரேட்டருக்குப் பவர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரியதை வாடகைக்கு எடுத்து வருகிறவர்களும் உண்டு. அதிலும் அதே சிவப்பு விளக்குதான்.

தகராறு பெரும்பாலும் வாட்டில் இல்லை, எர்த்தில் இருக்கிறது.

வீட்டு பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை. ஃபேஸ், நியூட்ரல், எர்த். ஈ.பி. டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை மண்ணோடு சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு எர்த்தும் உப்பும் கரியும் கொட்டிய குழி வழியாக அதே மண்ணுக்குத்தான் போகிறது. அதனால் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். எர்த்துக்கும் ஃபேஸுக்கும் நடுவில் வைத்தால் 230 வோல்ட். எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் சார்ஜர்கள் இந்த உறவைத்தான் சோதிக்கின்றன. ஃபேஸிலிருந்து எர்த்துக்கு மிகச் சிறிதளவு மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கும். அது சுற்றி வந்து சேர்ந்தால் எர்த் இருக்கிறது என்று பொருள். சேராவிட்டால் சார்ஜ் செய்ய மறுத்துவிடும். மழையில் நனைந்த வண்டியை ஈரத்தரையில் நின்றுகொண்டு ஒருவர் தொடக்கூடும் என்பதால் இந்த முன்ஜாக்கிரதை. எல்லா சார்ஜரும் இப்படிச் சோதிப்பதில்லை. அதனால்தான் ஒருவர் வண்டி ஜெனரேட்டரில் ஏறுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி ஏறவில்லை.

கையில் தூக்கிப் போகும் ஜெனரேட்டர்களில் பலவற்றில் இந்த உறவே கிடையாது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருளின் இரண்டு முனைகளும் பிளக்குக்கு வருகின்றன. இரும்புச் சட்டத்தோடு எதுவும் சேர்க்கப்படவில்லை. எர்த் ஓட்டை மட்டும் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். கரையில் கட்டாத தோணி மாதிரி மின்சாரம் மிதந்துகொண்டிருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவில் 230 வோல்ட் சரியாக இருக்கும். ஆனால் எந்த முனையிலிருந்தும் எர்த்துக்கு அளந்தால் 115 வோல்ட் அளவில் ஏதோ ஒன்றைக் காட்டும். டெஸ்டரை வைத்தால் சில ஜெனரேட்டர்களில் இரண்டு ஓட்டையிலுமே மங்கலாக எரியும். ஃபேஸ் எது, நியூட்ரல் எது என்று ஜெனரேட்டருக்கே தெரியாத நிலை.

இங்கேதான் பலர் ஒரு வீண் வேலை செய்கிறார்கள். எர்த் இல்லை என்று சார்ஜர் சொல்கிறதல்லவா, உடனே ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, உப்புத்தண்ணீர் ஊற்றி, அதை ஜெனரேட்டரின் எர்த் திருகில் கட்டுகிறார்கள். சிவப்பு விளக்கு போவதில்லை. கம்பி மண்ணைத் தொட்டதால் ஜெனரேட்டரின் சட்டம் மண்ணோடு சேர்ந்தது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சுருளுக்கும் சட்டத்துக்கும் இடையே இணைப்பே இல்லாதபோது, சார்ஜர் அனுப்பும் அந்தச் சிறு மின்சாரம் எந்த வழியாகத் திரும்பி வரும்?

தீர்வு சின்னது. ஜெனரேட்டரின் இரண்டு முனைகளில் ஒன்றை எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். வெளிநாடுகளில் வண்டிவீட்டில் ஊர் சுற்றுகிறவர்கள் இதற்கென்றே ஒரு பிளக் வைத்திருப்பார்கள்: நியூட்ரல் பின்னும் எர்த் பின்னும் உள்ளுக்குள்ளேயே இணைக்கப்பட்ட, வெளியே வயர் எதுவும் வராத ஒரு மூன்று பின் பிளக். ஜெனரேட்டரின் இரண்டாவது சாக்கெட்டில் அதைச் செருகினால், முதல் சாக்கெட்டில் மாட்டிய சார்ஜருக்குப் பச்சை விளக்கு. எந்த முனையைச் சேர்த்தோமோ அதுதான் அன்றைக்கு நியூட்ரல்.

இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். தயாரிப்பாளர்கள் சோம்பேறித்தனத்தால் இப்படி மிதக்க விடவில்லை. மிதக்கும் மின்சாரத்தில் ஒரு கம்பியை மட்டும் தெரியாமல் தொட்டால், சுற்று முழுமையாகாததால் பெரும்பாலும் ஷாக் அடிக்காது. நியூட்ரலை எர்த்தோடு சேர்த்த அடுத்த நொடியிலிருந்து அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. வீட்டு மின்சாரம் போலவே அதுவும் அடிக்கும். ஆகவே சேர்த்தால், கசிவு வந்ததும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் நடுவில் இருக்க வேண்டும். ஜெனரேட்டரோடு வந்த கையேடு இதை அனுமதிக்கிறதா என்று பார்த்து, எலக்ட்ரீஷியனிடம் செய்யச் சொல்வதுதான் முறை. அதுவும் புயலுக்கு முன்பே. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ளும் பாடம் அல்ல இது.

எர்த் சரியானாலும் இன்னொரு முரண்டு உண்டு. சாதாரண ஜெனரேட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். சார்ஜர் திடீரென்று சுமையை ஏற்றும்போது எஞ்சின் ஒரு கணம் தொய்கிறது. வோல்டேஜும் ஹெர்ட்ஸும் கூடவே சரிகின்றன. சார்ஜர் பயந்து துண்டிக்கிறது. சுமை போனதும் எஞ்சின் உறுமுகிறது. சார்ஜர் மறுபடி முயல்கிறது. உறுமல், தொய்வு, உறுமல், தொய்வு என்று தெருவே கேட்கும் ஒரு தாளம். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று விற்கப்படும் வகையில் இந்தத் தொல்லை குறைவு. அதில் எஞ்சின் தரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு மின்னணுச் சுற்று ஒன்று அதைச் சுத்தமான 50 ஹெர்ட்ஸ் அலையாக மாற்றித் தருகிறது. எஞ்சின் வேகம் ஏறினாலும் இறங்கினாலும் அலை மாறாது. விலைதான் கூடுதல்.

மலிவான சார்ஜர்களுக்கு இன்னொரு குணம். பெட்டியில் 750 வாட் என்று எழுதியிருந்தாலும், மின்சாரத்தைச் சீராக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுப்பவை ஜெனரேட்டருக்கு அதைவிடப் பெரிய சுமையாகத் தெரியும். பவர் ஃபாக்டர் 0.6 உள்ள 750 வாட் சார்ஜர், ஜெனரேட்டரின் கண்ணுக்கு 1250 வி.ஏ. ஒரு கே.வி.ஏ. ஜெனரேட்டர் திணறுவதற்கு இதுவே போதும். இரண்டு கே.வி.ஏ. வைத்துக்கொண்டால் வம்பில்லை.

சரி, எல்லாம் பொருந்திவிட்டது, சார்ஜ் ஏறுகிறது. மைலேஜ் எவ்வளவு?

பெட்ரோலை எரித்து மின்சாரமாக்கி, அதை பேட்டரியில் ஏற்றி, மறுபடி மோட்டாரில் இறக்கி ஓட்டுவது சுற்றிவளைத்த வேலைதானே என்று கேலி செய்பவர்கள் உண்டு. கேலியை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். உலகெங்கும் விற்கும் ஹோண்டாவின் ஈயு22ஐ என்ற 21 கிலோ ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். 121 சி.சி. எஞ்சின், 3.6 லிட்டர் டேங்க். தொடர்ந்து 1800 வாட் தரும். முழுச் சுமையில் ஒரு டேங்க் மூன்றேகால் மணி நேரம் வரும். அதாவது 3.6 லிட்டருக்கு ஏறக்குறைய 5.8 யூனிட்; லிட்டருக்கு 1.6 யூனிட். கால் சுமையில் ஓடவிட்டால் எட்டு மணி நேரம் ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்போது லிட்டருக்கு ஒரு யூனிட்தான் தேறும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்பது யூனிட் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. மிச்சமெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது.

3.4 யூனிட் பேட்டரி கொண்ட ஸ்கூட்டர் ஊருக்குள் 100 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் பிளக்கிலிருந்து 4 யூனிட் இழுக்கும். ஒரே ஒரு 750 வாட் சார்ஜரை இந்த ஜெனரேட்டரில் மாட்டினால் பாதிச் சுமைகூட இல்லை, லிட்டருக்கு 1.2 யூனிட் என்று கொள்ளலாம். 100 கிலோமீட்டருக்கு மூன்றேகால் லிட்டருக்கு மேல். மைலேஜ் 30. பக்கத்து வீட்டு ஸ்கூட்டரையும் சேர்த்து மாட்டினால் ஜெனரேட்டருக்குச் சுமை கூடும், திறனும் கூடும். இருவருக்கும் 37 வரை கிடைக்கலாம். 110 சி.சி. பெட்ரோல் ஸ்கூட்டர் 45 கொடுக்கும். ஈ.பி. மின்சாரத்தை யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டால் அதே 100 கிலோமீட்டர் 32 ரூபாயில் முடிகிறது. ஜெனரேட்டரில் முந்நூறைத் தாண்டும்.

பெரிய பைக்குகளில் நிலைமை இன்னும் மோசம். நடிகர் யுவான் மெக்ரெகரும் அவர் நண்பர் சார்லி பூர்மனும் 2019-இல் அர்ஜென்டினாவின் தென்கோடி உஷுவாயாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஹார்லி டேவிட்சனின் லைவ்வயர் மின்சார பைக்கில் போனார்கள். அடுத்த ஆண்டு 'லாங் வே அப்' என்ற தொடராக அது வெளிவந்தது. படகோனியாவின் குளிரில் வழியோர வீடுகளிலும் விடுதிகளிலும் பிளக் பாயின்ட் கேட்டு நிற்கும் காட்சிகள் தொடரில் வரும். லைவ்வயரின் பேட்டரி 15.5 யூனிட். சாதாரண பிளக்கில் அது 1.4 கிலோவாட்தான் ஏற்றிக்கொள்ளும். ராத்திரி முழுக்க நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நிரப்பும் அதிவேக சார்ஜிங் வேண்டுமென்றால் அது கைஜெனரேட்டரால் ஆகிற காரியமில்லை. அதே சின்ன ஜெனரேட்டரில் மாட்டினால் டேங்கை மூன்று முறை நிரப்பி, சுமார் 11 லிட்டர் செலவழித்து, கிடைப்பது 150 கிலோமீட்டர். அந்தப் பெட்ரோலை ஒரு பெட்ரோல் ஹார்லிக்கு ஊற்றியிருந்தால் அது இன்னும் தூரம் போயிருக்கும்.

பெட்ரோலும் இல்லை, கரண்டும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2022-இல் பார்த்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. பின்னர் கியூஆர் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது வாரம் நான்கு லிட்டர். அந்த நான்கு லிட்டரை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஜெனரேட்டரில் ஊற்றி மின்சார ஸ்கூட்டரை ஏற்றினால் 120. எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நாட்டில் அந்த 80 கிலோமீட்டர் சின்ன விஷயமல்ல.

ஆனால் மைலேஜைப் பார்த்து ஜெனரேட்டரைத் தள்ளிவிடுவதும் தவறு. மருந்துக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர 20 கிலோமீட்டர் போதும். அதற்கு 0.8 யூனிட். 750 வாட் சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெட்ரோல் முக்கால் லிட்டருக்கும் குறைவு. புயல் நாளில் அந்த முக்கால் லிட்டருக்கு மைலேஜ் பார்ப்பவர் யார்? பேட்டரியை நிரப்ப நினைக்காமல், போக வேண்டிய தூரத்துக்கு ஏற்றிக்கொண்டு எஞ்சினை அணைப்பதுதான் இதில் சமர்த்து. 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும்; சார்ஜர் இழுப்பது குறைந்துகொண்டே வர, ஜெனரேட்டர் கிட்டத்தட்ட வெறுமனே ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும்.

எஞ்சினால் மின்சாரம் செய்து மோட்டாரால் ஓட்டுவது அடிப்படையில் மடத்தனமா என்றால், இல்லை. திருச்சி பொன்மலைப் பணிமனைக்கு வந்துபோகும் டீசல் ரயில் எஞ்சின்கள் இதைத்தான் செய்கின்றன: டீசல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்குகிறது, சக்கரங்களைச் சுற்றுவது மோட்டார். பி.எம்.டபிள்யூ ஐ3 என்ற மின்சாரக் காரின் ஒரு வகையில், பேட்டரி தீரும்போது சார்ஜ் ஏற்றுவதற்கென்று 647 சி.சி. எஞ்சின் ஒன்று பின்னால் இருந்தது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே நிறுவனத்தின் ஸ்கூட்டரிலிருந்து! ஃபார்முலா ஈ மின்சாரக் கார்ப் பந்தயம் 2014-இல் தொடங்கியபோது கார்களுக்கு சார்ஜ் ஏற்றியது கிளிசரின் எரித்து ஓடிய ஜெனரேட்டர்கள்தான். இவற்றிலெல்லாம் எஞ்சின், அது சுமக்கும் வேலைக்கென்றே அளவெடுத்துப் பொருத்தப்பட்டது. 1800 வாட் எஞ்சினைத் தட்டி எழுப்பி 750 வாட் வேலை வாங்குவதில்தான் நஷ்டம்.

ஆபத்துகளைச் சொல்லாமல் விட முடியாது. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, வருவது தெரியாது. மழை பெய்கிறதே என்று மாடிப்படிக்குக் கீழேயும் மூடிய பார்க்கிங்கிலும் ஜெனரேட்டரை வைப்பவர்கள் இருக்கிறார்கள். 2020-இல் அமெரிக்காவின் லூயிசியானாவை லாரா புயல் தாக்கியபோது, காற்றிலும் வெள்ளத்திலும் தப்பிய பலர் பின்னர் ஜெனரேட்டர் புகையில் இறந்துபோனார்கள். ஜன்னலிலிருந்து பல அடி தள்ளி, வெட்டவெளியில், மேலே மட்டும் ஒரு மறைப்போடு வைக்க வேண்டும்.

இரு முனையிலும் ஆண் பின் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் செருகி, வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் வழக்கம் இன்னும் கொடுமையானது. மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் போகும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டில் ஜெனரேட்டரைச் சுவரோடு சேர்க்கவே கூடாது. சார்ஜரை நேராக ஜெனரேட்டரிலேயே மாட்டலாமே. இன்னொன்று, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எந்த மின்சாரத்திலும் சார்ஜ் போடக்கூடாது. முதலில் மெக்கானிக் பார்க்கட்டும்.

இத்தனை பாடும் சின்ன ஜெனரேட்டருக்குத்தான். சென்னையின் பெரிய அடுக்குமாடிகளில் ஏற்கெனவே வேறொரு ஜெனரேட்டர் கீழே நிற்கிறது: 62.5 கே.வி.ஏ. அளவில், கூண்டுக்குள் அடைத்த டீசல் ஜென்செட். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு இவற்றுக்கு மட்டும் அதன் மின்சாரம் போகிறது. பார்க்கிங்கில் இருக்கும் சார்ஜிங் பாயின்ட் அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து வருவதால் கரண்ட் போனால் அதுவும் போய்விடும். இந்த ஜென்செட்டின் எர்த் முறையாகச் செய்யப்பட்டது. எனவே எர்த் சோதிக்கும் சார்ஜரும் மறுக்க வேண்டியதில்லை. போதிய சுமையில் லிட்டர் டீசலுக்கு மூன்றேகால் யூனிட் அளவில் தரும். கணக்குப் போட்டால் ஸ்கூட்டருக்கு லிட்டருக்கு 80 கிலோமீட்டர் வருகிறது. சின்ன ஜெனரேட்டரில் பெட்ரோல் ஸ்கூட்டரிடம் தோற்ற வண்டி, இங்கே அதை முந்திவிடுகிறது. பத்து ஸ்கூட்டர் ஒரே நேரத்தில் ஏறினாலும் ஏழரை கிலோவாட். அந்த எஞ்சினுக்கு அது பொருட்டே அல்ல. சொல்லப்போனால் நல்லதும்கூட. சுமை போதாமல் ஓடும் டீசல் எஞ்சின் கரி பிடித்துக் கெடும் என்று ஜென்செட் மெக்கானிக்குகள் சலித்துக்கொள்வது வழக்கம்.

செய்ய வேண்டியது, பார்க்கிங்கில் இரண்டு மூன்று பதினைந்து ஆம்ப் பாயின்ட்டுகளை ஜென்செட் லைனில் இணைப்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சப் மீட்டர் மாட்டுவதும். ஒயரிங் செலவு அதிகமில்லை. மின்சார வண்டி இல்லாதவர்கள் அந்த டீசலுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி அசோசியேஷன் கூட்டத்தில் நிச்சயம் எழும். சப் மீட்டரில் ஓடிய யூனிட்டுக்கு டீசல் விலையில், அதாவது யூனிட் முப்பது ரூபாய் கணக்கில், அந்த மாதப் பராமரிப்புத் தொகையோடு சேர்த்து வாங்கிக்கொண்டால் அந்தக் கேள்விக்கு இடமிருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. எலக்ட்ரீஷியனை அழைக்க செப்டம்பர் நல்ல மாதம்.